போனது நூலா, துணியா? கிழிந்த துணிகளைச் சரிசெய்ய அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

வீட்டுத் துணிகளையும் அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து தரும் துணிகளையும் வருஷக்கணக்காகத் தைத்துக் கொடுத்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. துணி கண்ட இடத்தில் கிழிவதில்லை. சட்டைக் காலரின் மடிப்பு, சட்டைப்பையின் மூலை, பேன்ட்டின் தொடை இடுக்கு, ரவிக்கையின் அக்குள், சேலையில் பின் குத்தும் இடம், டி-ஷர்ட்டில் தொப்புளுக்கு நேரே என்று திரும்பத் திரும்ப அதே சில இடங்கள்தான். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, சரிசெய்யும் முறையும் வேறு. உங்கள் துணியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் கீழே உள்ள சோதனையைச் செய்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

## எந்தக் கிழிசலானாலும் முதலில் இது

கிழிந்த துணியை அப்படியே வாஷிங் மெஷினில் போடாதீர்கள். அரை அங்குலக் கிழிசல் ஒரே சுற்றில் ஒரு சாண் ஆகிவிடும், பிசிறும் உதிர்ந்துபோகும். அழுக்காக இருந்தால் கையால் மெதுவாக அலசிக் காயவைத்து, பிறகு தையுங்கள்.

அடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே துணியைப் பிடித்துப் பாருங்கள். கிழிசலைச் சுற்றி வெளிச்சம் எவ்வளவு தூரத்துக்கு ஊடுருவித் தெரிகிறதோ அவ்வளவு தூரத்துக்குத் துணி நைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற ஓட்டையைவிட இது எப்போதும் பெரிதாக இருக்கும்.

கடைசியாக, கிழிசலிலிருந்து இரண்டு விரல் தள்ளி, இரண்டு கட்டைவிரல்களாலும் துணியை மெல்ல இழுத்துப் பாருங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

துணி அசையாமல் நின்று, தையல் நூல் மட்டும் அறுந்திருந்தால் நல்லது. பத்து நிமிஷ வேலை.

துணி கிழியாமல், தையல் ஓரத்தில் இழைகள் மட்டும் நகர்ந்து ஏணிப்படி மாதிரி இடைவெளி தெரிந்தால் இழை நழுவியிருக்கிறது. பட்டிலும் வழவழப்பான செயற்கைத் துணியிலும் இது சகஜம். மேலேயே இன்னொரு தையல் போட்டால் நிற்காது.

இழுத்ததும் "சர்" என்று புதிதாகக் கிழிந்தால் துணியே போய்விட்டது. அதன்மேல் நெருக்கமாகத் தைப்பது தபால்தலை ஓரத்தில் துளை போடுவது மாதிரி. அடுத்த முறை அந்தத் துளை வரிசையிலேயே கிழியும். நல்ல துணி எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்து பின்பக்கம் ஒட்டுக் கொடுத்தால் மட்டுமே நிற்கும்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை: மெல்லிய ஊசி, தடித்த ஊசி, பழந்துணித் துண்டுகள், சிறு கத்தரி, அயர்ன் பாக்ஸ். நூலில் மட்டும் கவனம் தேவை. பழைய பருத்திக்கும் பட்டுக்கும் பருத்தி நூலோ பட்டு நூலோ போடுங்கள். பாலியஸ்டர் நூல் லேசில் அறுவதில்லை, அதனால் நைந்த துணியை அதுவே அறுத்துவிடும். ஜீன்ஸ், பள்ளிச் சீருடை, பை ஆகியவற்றுக்குப் பாலியஸ்டர் நூல்தான் சரி. அச்சு அசலான நிறம் கிடைக்காவிட்டால் ஒரு சாயல் அடர்த்தியான நிறத்தை எடுங்கள். நூற்கண்டில் பார்ப்பதைவிடத் துணியில் ஒற்றை இழையாக ஓடும்போது நூல் வெளுப்பாகத்தான் தெரியும்.

## தையல் பிரிந்திருக்கிறது, துணி நன்றாக இருக்கிறது

முதல் தடவை பிரிந்திருந்தால்: நூல் பழசாகி அறுந்திருக்கும். பிரிந்த இடத்துக்கு ஒரு அங்குலம் முன்பே தொடங்கி, ஒரு அங்குலம் தாண்டி முடியுங்கள். ஓட்டுத் தையல் போதாது. ஒரு தையல் முன்னே, அரைத் தையல் பின்னே என்று போகும் கெட்டித் தையல் போடுங்கள். தொங்கும் பழைய நூலைப் பிடித்து இழுக்காதீர்கள், இன்னும் பிரியும். கத்தரித்துவிடுங்கள்.

அதே இடம் மறுபடி மறுபடி பிரிந்தால்: குறை நூலில் இல்லை, அளவில் இருக்கிறது. போட்டுக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், கையைத் தூக்கிப் பாருங்கள். தையல் விறைத்து நின்றால் துணி இறுக்கம். ரவிக்கை என்றால் பக்கத் தையலின் உள்ளே பாருங்கள். நம் ஊர் தையல்காரர்கள் பெரும்பாலும் உள்ளே துணி விட்டு, இரண்டு மூன்று தையல் வரிசையாகப் போட்டிருப்பார்கள். உடலை ஒட்டிய தையல் வரிசையைப் பிரித்துவிட்டால் அடுத்த தையல் தாங்கிக்கொள்ளும், அரை அங்குலமாவது இடம் கிடைக்கும். ஆயத்த ஆடையில் இந்த வசதி அநேகமாக இருக்காது.

இழை நழுவியிருந்தால்: பழைய தையல் கோட்டிலேயே தைக்காதீர்கள். கோட்டிலிருந்து 3 அல்லது 4 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, பின்பக்கம் மெல்லிய பருத்தி நாடா வைத்து, நாடாவையும் சேர்த்துத் தையுங்கள். இழுவிசையை நாடா தாங்கும். உள்ளே தள்ளத் துணி இல்லையென்றால், பக்கத்தில் பட்டி கொடுத்து அகலப்படுத்தத் தையல்காரரிடம் கொடுங்கள்.

## அக்குளில் கிழிகிறது

நைட்டி, சுடிதார், ரவிக்கை, சட்டை எல்லாவற்றிலும் வரும் புகார் இது. தையல் மட்டும் விட்டிருந்தால் மேலே சொன்னதுதான். ஆனால் துணியே வெளிறி, தொட்டால் மொரமொரப்பாக இருந்தால் வியர்வையும் வியர்வை தடுக்கும் பூச்சுகளும் சேர்ந்து துணியை அரித்திருக்கின்றன. அந்தத் துணியில் எந்தத் தையலும் நிற்காது.

அரித்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, நான்கு தையலும் சந்திக்கும் இடத்தில் டைமண்ட் வடிவத்தில் புதுத் துண்டு ஒன்றைக் கொடுங்கள். கை தூக்க இடமும் கிடைக்கும், அதே இடம் மறுபடி கிழியாது. துண்டுக்குத் துணி கிடைக்கவில்லையா? சுடிதார் டாப்பின் அடி மடிப்பில் இரண்டு அங்குலம் எடுக்கலாம். கையால் தைக்க முடியும், ஆனால் மூலைகள் சுருங்காமல் வரப் பழக்கம் வேண்டும். நல்ல ரவிக்கை என்றால் தையல்காரரிடம் கொடுப்பதே மேல்.

பருத்தி உடைகளை வியர்வையோடு சுருட்டிக் கூடையில் போட்டு வாரக்கடைசி வரை வைத்திருப்பதை நிறுத்தினாலே இந்தப் புகார் பாதியாகக் குறையும். துவைக்க நேரமில்லையென்றால் வெறும் தண்ணீரில் அலசிக் காயப்போட்டால்கூடப் போதும்.

## ஆணியிலோ முள்ளிலோ மாட்டிக் கிழிந்தது

நேர்க்கோட்டுக் கிழிசல்: இரண்டு ஓரங்களையும் ஒன்றோடொன்று பொருத்தி வைத்து, பின்பக்கம் அதே துணியிலோ மெல்லிய மல் துணியிலோ ஒட்டு வையுங்கள். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. குறுக்கே சிறு சிறு தையலாக, ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். எல்லாத் தையலும் ஒரே நீளத்தில் முடிந்தால், முடிகிற கோட்டில் புதுக் கிழிசல் வரும்.

ட வடிவக் கிழிசல்: ஆணியில் மாட்டினால் அநேகமாக இப்படித்தான் கிழியும். மூலையிலிருந்து தொடங்குங்கள். மூலையை முதலில் இருந்த இடத்தில் பொருத்தி இரண்டு தையல் போட்டுவிட்டு, பிறகு கிழிசலின் இரண்டு கிளைகளிலும் வெளிப்பக்கமாகத் தைத்துக்கொண்டு போங்கள். ஓரத்தில் தொடங்கி மூலைக்கு வந்தால் துணி மிஞ்சிப் புடைத்துக்கொள்ளும்.

துணியே ஒரு துண்டு காணவில்லை: சிறு ஓட்டை என்றால் இழையோட்டலாம். முதலில் நீளவாக்கில் நெருக்கமாக நூல் ஓட்டுங்கள். பிறகு குறுக்குவாக்கில் ஒன்றின் மேலே ஒன்றின் கீழே என்று கோத்துப் பின்னுங்கள். பாவும் ஊடையும் மாதிரியேதான். ஓட்டைக்கு வெளியே நல்ல துணியில் ஒரு சென்டிமீட்டராவது நூல் ஓடியிருக்க வேண்டும். நூலை இறுக்கி இழுத்தால் துணி சுருங்கும். தளர்வாக விட்டு, முடித்தபின் அயர்ன் செய்யுங்கள்.

நிபுணரிடம் போக வேண்டிய கட்டம்: கோட், கம்பளிச் சால்வை, விலை உயர்ந்த பேன்ட் போன்றவற்றில் முன்பக்கம் விழுந்த ஓட்டை. பெரிய ஊர்களில் டார்னிங் செய்பவர்கள் இருக்கிறார்கள். அதே துணியின் உள் மடிப்பிலிருந்து இழை உருவி, அந்த நூலாலேயே நெய்து கொடுப்பார்கள். வடக்கே இந்த வேலைக்கு ரஃபூ என்று பெயர். உத்தரப்பிரதேசத்தின் நஜீபாபாத்தைச் சேர்ந்த ரஃபூகர்கள் சால்வைகளில் செய்யும் வேலையில் கிழிசல் எங்கே இருந்தது என்று தேடினாலும் கிடைக்காது. அவ்வளவு நுட்பமான வேலைக்குக் கேட்கிற கூலி நியாயமானது, பேரம் பேசாதீர்கள்.

## பேன்ட்டின் தொடை இடுக்கு தேய்கிறது

ஜீன்ஸ் தூக்கிப் போடப்படுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மற்ற இடமெல்லாம் புதுசாக இருக்கும், இந்த உள்ளங்கை அகலம் மட்டும் போயிருக்கும். மாதம் ஒருமுறை அந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எந்த நிலையில் பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே வேலையின் அளவு.

நிலை 1: வெளுத்து, பஞ்சு பஞ்சாக இருக்கிறது, ஓட்டை இல்லை. இதுதான் சரிசெய்ய உகந்த நேரம். பழைய ஜீன்ஸின் மெல்லிய பகுதியையோ பருத்தி ட்ரில் துணியையோ உள்பக்க ஒட்டுக்கு எடுங்கள். புதுத் துணி என்றால் முதலில் நனைத்துக் காயவையுங்கள், இல்லையென்றால் பின்னால் சுருங்கிப் பேன்ட்டையும் சுருக்கிவிடும். ஒட்டை முட்டை வடிவத்தில் வெட்டுங்கள். சதுரமாக வெட்டினால் மூலைகள் குத்தி, அங்கே புதுக் கிழிசல் தொடங்கும். நைந்த பகுதியைத் தாண்டி எல்லாப் பக்கமும் 2 சென்டிமீட்டர் நல்ல துணியில் உட்கார வேண்டும். துணியின் நூலோட்டமும் ஒட்டின் நூலோட்டமும் ஒரே திசையில் இருக்கட்டும். தையல் மெஷினில் 16 நம்பர் ஊசி போட்டு, முன்னும் பின்னுமாக இணை வரிசைகளாக ஓட்டுங்கள். வரிசை முடியும் இடங்களைக் கூட்டியும் குறைத்தும் விடுங்கள். கையால் தைப்பதென்றால் நெருக்கமான ஓட்டுத் தையலே போதும், பொறுமைதான் வேண்டும்.

நிலை 2: ஓட்டை விழுந்து, குறுக்கே வெள்ளை நூல்கள் மட்டும் தொங்குகின்றன. ஜீன்ஸில் நீல நூல் நீளவாக்கிலும் வெள்ளை நூல் குறுக்குவாக்கிலும் ஓடும். முதலில் போவது நீலம். மிஞ்சியிருக்கும் வெள்ளை நூல்களைப் பிசிறென்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். அவை ஓட்டையின் உண்மையான அகலத்தைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. அவற்றை நேராக நீவி ஒட்டின்மேல் படுக்கவைத்து, நீல நூலால் நீளவாக்கில் மேலே தைத்துக்கொண்டு போங்கள். நூல் நிறம் பொருந்தினால் ஓரடி தள்ளி நின்றால் தெரியாது.

நிலை 3: இரண்டு தொடையும் போய், நடுத் தையல் சந்திப்பும் விட்டுவிட்டது. உள்கால் தையலை ஒரு சாண் பிரித்து, துணியைத் தட்டையாக்கி ஒட்டுப் போட்டு, மறுபடி மூட வேண்டும். அந்தச் சந்திப்பில் துணி பல அடுக்காகச் சேரும், வீட்டு மெஷின் ஊசி ஒடியும். ஆல்ட்ரேஷன் கடைக்குக் கொடுத்துவிடுங்கள்.

இழுத்தால் நீளும் ஜீன்ஸ் என்றால் ஒட்டும் நீளும் துணியாக இருக்க வேண்டும், தையலும் ஜிக்ஜாக்காக இருக்க வேண்டும். விறைப்பான ஒட்டு வைத்தால் ஒட்டின் ஓரத்திலேயே கிழியும். ஒட்டுப் போட்ட பிறகும் சீக்கிரம் தேய்ந்தால் பேன்ட் இடுப்பிலிருந்து இறங்கி நிற்கிறதா என்று பாருங்கள். இறங்கி நின்றால் நடக்கும்போது உரசல் கூடும். ஒரு பெல்ட்டில் தீரும் விஷயம் அது.

## டி-ஷர்ட்டில் குட்டிக் குட்டி ஓட்டை

எல்லோரும் பூச்சி என்றுதான் சொல்வார்கள். முதலில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

முன்பக்கம் தொப்புள் அருகே மட்டும் இருந்தால் பூச்சி இல்லை. பெல்ட் பக்கிளோ, ஜீன்ஸ் பட்டனோ, சமையல் மேடையின் கிரானைட் விளிம்போ உரசியிருக்கும். சமையலறையில் ஏப்ரன் கட்டுங்கள்.

தோளிலோ அடி ஓரத்திலோ இருந்தால் கொடியில் போடும் கிளிப், ஹேங்கரின் துருத்திய கம்பி. கிளிப்பைத் தையல் தடிப்பில் மாட்டுங்கள்.

எங்கும் சிதறி இருந்தால் முதலில் வாஷிங் மெஷின் பழக்கத்தைச் சந்தேகியுங்கள். திறந்த ஜிப்பும் ரவிக்கைக் கொக்கியும் சேர்ந்து சுழன்றால் பின்னல் துணி தாங்காது. ஜிப்பை மூடி, கொக்கியை மாட்டிப் போடுங்கள்.

பெட்டியில் மடித்து வைத்த துணியில் மட்டும் வந்தால் அப்போதுதான் பூச்சி. ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி பிடிக்கும். அதனால் கஞ்சி போட்ட வேட்டியையும் காட்டன் சேலையையும் பல மாதம் எடுத்து வைப்பதானால் கஞ்சியை அலசிவிட்டு வையுங்கள்.

சரிசெய்வது எளிது. டி-ஷர்ட் துணி வளையம் வளையமாகப் பின்னப்பட்டது, ஒரு வளையம் அறுந்தால் அடுத்தது கழன்று ஓடும். மெல்லிய ஊசியால் ஓட்டையைச் சுற்றியுள்ள வளையங்களை ஒன்று விடாமல் கோத்துக்கொண்டு வந்து, மெதுவாக இழுத்து மூடி, பின்பக்கம் முடிச்சுப் போடுங்கள். பட்டாணியைவிடப் பெரிய ஓட்டைக்குப் பழைய டி-ஷர்ட் துண்டைப் பின்னால் வைத்து, ஓரத்தைத் தளர்வாகத் தையுங்கள். மெஷினில் தைப்பதானால் முனை உருண்டையான ஊசி தேவை. சாதாரண ஊசி வளையத்தைக் குத்தி அறுத்து, ஒரு ஓட்டையைப் பத்தாக்கும். கடைக்குக் கொண்டுபோகத் தேவையே இல்லாத பிரச்சினை இது.

## சட்டைக் காலர் நைந்துவிட்டது, பை மூலை கிழிகிறது

காலர் மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்து, உள்ளே இருக்கும் கேன்வாஸ் தெரிகிறதா? சட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். காலரைப் பிரித்து, திருப்பி வைத்துத் தைக்கலாம். கழுத்துப்பட்டியோடு காலர் சேரும் தையலை மட்டும் பிரித்து, காலரை உருவி எடுத்து, நைந்த பக்கம் மடிப்புக்குள் மறையும்படி திருப்பி, அதே இடத்தில் நுழைத்துத் தைத்தால் சட்டைக்கு இன்னொரு ஆயுள்.

செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை: காலரின் அடிப்பக்கமும் அதே துணியா? சில சட்டைகளில் அடியில் வேறு நிறம் இருக்கும். காலர் நுனியில் காஜா (பட்டன் நுழையும் துளை) உண்டா? உண்டென்றால் திருப்பினால் காஜாவின் பின்பக்கம்தான் முன்னால் தெரியும், அதற்கு உடன்பட்டால் செய்யலாம். இரண்டு பக்கமும் நைந்திருந்தால் புதுக் காலர்தான் வழி, அதற்கான துணியைச் சட்டையின் உள் முதுகுப் பட்டியிலோ அடியிலோதான் எடுக்க வேண்டும். பிரிக்கும் வேலையை வீட்டில் பொறுமையாகச் செய்துவிட்டு, தைப்பதைத் தையல்காரரிடம் கொடுத்தால் நேர்த்தியாக வரும். பிரிக்கும் முன் நடுப்புள்ளியைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

சட்டைப்பையின் மேல் மூலை கிழிவது செல்போனாலும் பேனாவாலும். பையை மட்டும் திருப்பித் தைத்தால் பயனில்லை, கிழிந்தது சட்டைத் துணி. உள்பக்கம் ஒரு ரூபாய் நாணய அளவில் துணி வைத்து, பையின் மூலையில் சிறு முக்கோணமாகத் தையுங்கள். புதுச் சீருடை வாங்கியதுமே இந்த முக்கோணத்தைப் போட்டுவிட்டால் வருஷம் முழுக்கக் கவலையில்லை.

## பட்டன் விழுகிறது

ஆயத்தச் சட்டைகளில் பட்டனை ஒற்றை நூல் சங்கிலித் தையலில் மெஷின் வைத்துவிடும். பின்னால் தொங்கும் நூலை இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வரும். புதுச் சட்டையில் அந்த நூல் தெரிந்தால் இழுக்காமல், ஊசியில் கோத்து முடிச்சுப் போட்டுவிடுங்கள்.

பட்டன் வைக்கும்போது மேலே ஒரு தீக்குச்சியை வைத்து அதன்மேல் தையுங்கள். முடித்ததும் குச்சியை உருவி, பட்டனுக்கு அடியில் நூலை மூன்று நான்கு சுற்று சுற்றி முடிச்சுப் போடுங்கள். பட்டனுக்குக் கழுத்து கிடைக்கும், காஜாவின் தடிப்பு இழுக்காது.

மாற்றுப் பட்டன் சட்டையின் உள்பக்கம், துவைக்கும் குறிப்புத் துணியிலோ அடிப்பட்டியிலோ இருக்கும். இல்லையா? பேன்ட்டுக்குள் மறையும் கடைசிப் பட்டனைக் கழற்றி மேலே வைத்துவிட்டு, கிடைத்த பட்டனைக் கீழே போடுங்கள். கடையில் பட்டன் அளவை லைன் கணக்கில் கேளுங்கள்: சாதாரணச் சட்டைக்கு 18 லைன், அதாவது சுமார் 11 மில்லிமீட்டர். பேன்ட்டுக்கு 24 லைன், சுமார் 15 மில்லிமீட்டர்.

துணியோடு பிய்ந்து வந்திருந்தால் பின்னால் ஒட்டு வைத்த பிறகே பட்டன். காஜா அகன்று பட்டன் நழுவினால் காஜாவின் ஒரு முனையில் இரண்டு தையல் போட்டால் போதும். காஜாவின் ஓர நூலே உதிர்ந்திருந்தால் காஜா போடும் கடையில் கொடுங்கள்.

## ஜிப் மக்கர் செய்கிறது

இறுக்கமாக ஓடுகிறது: உள்ளே நூல் சிக்கியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மெழுகுவத்தியையோ பென்சில் முனையையோ பற்களின் மேல் தேய்த்து ஓட்டிப் பாருங்கள்.

ரன்னர் (ஜிப்பை ஏற்றி இறக்கும் பகுதி) ஓடுகிறது, பின்னால் பல் மூடவில்லை: ரன்னரின் வாய் அகன்றுவிட்டது. பின்பக்க ஓரங்களைக் கட்டிங் பிளேயரால் இரு பக்கமும் துளித் துளியாக அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். ஒரேயடியாக அழுத்தினால் ரன்னர் உடையும். சரியாகவில்லையென்றால் ரன்னரை மட்டும் மாற்றலாம். பின்புறம் 3, 5 என்று எண் பொறித்திருக்கும். அதே எண், அதே வகை வாங்குங்கள்.

ரன்னர் ஒரு பக்கம் கழன்றுவிட்டது: அடித் தையலைப் பிரித்து, இரண்டு பக்கப் பல்லையும் ஒரே மட்டத்தில் நுழைத்து ஏற்றுங்கள். பிறகு அடியில் தடித்த நூலால் பத்துச் சுற்று தைத்துத் தடுப்புக் கட்டுங்கள்.

பல் போயிருக்கிறது: அடியில் என்றால் அதற்கு மேலே தடுப்புக் கட்டிப் பிழைக்கலாம். நடுவில் என்றால் முழு ஜிப்பும் மாற்ற வேண்டும். பேன்ட் ஜிப்பைத் தையல்காரர் மாற்றித் தருவார், பை, ரெயின்கோட் ஜிப்பைப் பை ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள்.

ஜீன்ஸ் ஜிப் தானாக இறங்குகிறது: ரன்னரின் கைப்பிடியைக் கீழ்நோக்கி மடக்கினால்தான் பூட்டு விழும். மடக்கியும் இறங்கினால் பூட்டு தேய்ந்திருக்கிறது. கைப்பிடித் துளையில் சிறு சாவி வளையம் கோத்து, இடுப்புப் பட்டனில் மாட்டிவிட்டு மேலே பட்டனைப் போடுங்கள்.

## எலாஸ்டிக் தளர்ந்தது, நாடா உள்ளே போய்விட்டது

நாடா என்றால் நுனியில் ஊக்கு குத்தி, குழாய்க்குள் தள்ளிக்கொண்டே வாருங்கள். வெளியே வந்ததும் பின் நடுவில் நாடாவையும் துணியையும் சேர்த்து இரண்டு தையல் போட்டால் மறுபடி உள்ளே ஓடாது. பாவாடையில் மெல்லிய கயிறு இருந்தால் அகலமான தட்டை நாடாவுக்கு மாற்றிவிடுங்கள். இறுக்கிக் கட்டிய கயிறு இடுப்புத் தோலைப் புண்ணாக்கும்.

எலாஸ்டிக் குழாய்க்குள் தனியாக ஓடினால் ஒரு அங்குலம் பிரித்து, புது எலாஸ்டிக்கைப் பழையதன் நுனியில் தைத்து இழுத்துவிடலாம். நீளம் இடுப்புச் சுற்றளவைவிட இரண்டு மூன்று அங்குலம் குறைவு. முறுக்கிக்கொள்ளாமல் இருக்கப் பக்கத் தையல்களில் நெடுக்காக ஒரு தையல். எலாஸ்டிக்கைத் துணியோடே சேர்த்துத் தைத்திருந்தால் முழுவதும் பிரிக்க வேண்டும், தையல்காரர் வேலை. சுடுதண்ணீரும் பிளீச்சிங்கும் எலாஸ்டிக்குக் கெடுதல்.

## பட்டுச் சேலை

கரை சுருங்கி அலையலையாக நிற்கிறது: சேலையில் குறையில்லை. நனைக்காத புது ஃபால்ஸ் தைத்திருக்கிறார்கள், அது சுருங்கிவிட்டது. ஃபால்ஸைப் பிரித்து, நனைத்துக் காயவைத்து, அயர்ன் செய்து, தளர்வான தையலில் மறுபடி வையுங்கள்.

பின் குத்திய ஓட்டை: முதலில் இழை அறுந்ததா, விலகியதா என்று பாருங்கள். விலகியது மட்டும்தான் என்றால் நகத்தின் பின்பக்கத்தால் இரண்டு திசையிலும் மெல்ல நீவினாலே மூடிக்கொள்ளும், அப்புறம் மெல்லிய துணி போர்த்தி மிதமான சூட்டில் அயர்ன் செய்யுங்கள். அறுந்திருந்தால் ரவிக்கைத் துணியில் மிஞ்சிய துண்டைப் பின்னால் வைத்துப் பட்டு நூலால் தையுங்கள். இனிமேல் பின்னில் ஒரு சிறு மணியைக் கோத்துக்கொண்டு குத்துங்கள். துணி ஊக்கின் சுருளுக்குள் போய்ச் சிக்காது.

ஜரிகை இழை வெளியே இழுத்துக்கொண்டது: வெட்டவே வெட்டாதீர்கள். வெட்டினால் அங்கிருந்து இரண்டு பக்கமும் உருவிக்கொண்டு போகும். ஊசியில் நூலை மடித்துக் கோத்து, பின்பக்கம் ஒரு சுருக்கு வரவையுங்கள். வெளியே நிற்கும் ஜரிகையை அந்தச் சுருக்கில் பிடித்துப் பின்பக்கத்துக்கு இழுத்துவிடுங்கள்.

கரையும் உடலும் சேரும் கோட்டில் விடுகிறது: காஞ்சிபுரம் கோர்வைச் சேலைகளில் உடலுக்கும் கரைக்கும் வேறு வேறு ஊடை, தறியிலேயே ஒன்றோடொன்று பின்னிக் கோத்தது. அந்தக் கோட்டில் மெஷின் தையல் ஓட்டினால் விறைத்துக்கொண்டு பக்கத்தில் கிழியும். ஓரிரு அங்குலம் என்றால் பட்டு நூலால் கையில் மட்டும் சேருங்கள். அதற்கு மேல் போனால் டார்னிங் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மடிப்பில் நெடுக்காக வெடிக்கிறது: வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் இருந்த சேலை. வெடிக்காத இன்னொரு மடிப்பை மிக மெதுவாக இழுத்துப் பாருங்கள். அது நின்றால் ஒரு மடிப்போடு போனது, பின்பக்கம் நெட் துணி கொடுத்துத் தைப்பவர்கள் இருக்கிறார்கள், கொடுங்கள். அதுவும் வெடித்தால் பட்டே உயிர்விட்டது. நெட் வைத்தாலும் அடுத்த மடிப்பு போகும். அந்தச் செலவு செய்யாமல், கரையையும் முந்தானையையும் பத்திரமாகப் பிரித்து வேறு துணியில் தைத்துக்கொள்வது நல்லது. மற்ற சேலைகளையாவது காப்பாற்றுங்கள்: சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள். பிளாஸ்டிக் உறையில் வைக்காமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது. சென்ட்டை நேரடியாகப் பட்டில் அடிக்காதீர்கள்.

## தையல்காரரிடம் கொண்டுபோகும்போது

துவைத்துக் காயவைத்துக் கொடுங்கள். கிழிந்த இடத்தில் ஊக்கு குத்தியோ வண்ண நூல் கட்டியோ அடையாளம் வையுங்கள். சட்டையில் நான்கு இடம் இருந்தால் நான்கிலும் வையுங்கள். ஒட்டுக்கான துணியும் பொருத்தமான நூலும் உங்களிடம் இருந்தால் கையோடு கொடுங்கள். அவரிடம் உங்கள் நிறம் இருக்க வேண்டுமென்பதில்லை. "சரி பண்ணிக் கொடுங்க" என்று மட்டும் சொல்லாமல், ஒட்டு உள்பக்கமா வெளிப்பக்கமா, தையல் தெரிந்தால் பரவாயில்லையா என்பதைச் சொல்லிவிடுங்கள். கூலியையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும், ஜூன் மாதம் பள்ளி திறக்கும் சமயத்திலும், ரம்ஜான் நெருங்கும்போதும் சில்லறை வேலையை எந்தக் கடையும் உடனே எடுக்காது. ஒட்டுப் போட வேண்டியவற்றை ஒரு பையில் சேர்த்து வைத்திருந்து, தீபாவளி முடிந்த அடுத்த வாரம் மொத்தமாகக் கொண்டுபோங்கள். நிதானமாக உட்கார்ந்து செய்து தருவார்கள்.